பேய் சொன்ன பழைய மணி

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தருமபுரி நான்கு ரோடு அருகே தள்ளுவண்டியில் பழைய புத்தகங்களைப் பரப்பி விற்பவரிடம் அறுபது ரூபாய் கொடுத்து ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவலை வாங்கினேன். அட்டையில் ஒரு சுவர்க் கடிகாரமும் அதன் அடியில் உறங்கும் பூனையும் வரையப்பட்டிருந்தன. நாற்பதாம் பக்கத்தைத் தாண்டியபோது, ஓர் ஆண் பாத்திரம் அறிமுகமாகும் பத்தியின் ஓரத்தில், தெளிவான தமிழ் எழுத்தில், "இவன்தான்" என்று யாரோ பென்சிலால் எழுதி அதன் அடியில் இரண்டு கோடும் இழுத்திருப்பதைக் கண்டேன். துப்பறியும் கதை படிக்கும் ஒருவருக்கு இன்னொருவர் செய்யக்கூடிய தீங்குகளில் இதற்கு மேல் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மூன்று நாள் அதைத் தொடவே இல்லை. நான்காம் நாள், பாலக்கோடு பக்கம் உள்ள எங்கள் பள்ளிக்குப் போகும் பேருந்தில் கையில் வேறு எதுவும் இல்லாததால் மறுபடியும் எடுத்தேன். அதன் பிறகு ஐந்து நாட்களுக்கு வேறு எதையும் நான் படிக்கவில்லை.

கதையின் முடிச்சைப் பற்றி விரிவாகவே பேச விரும்புகிறேன். ஆகவே நாவலின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன். எங்கேனும் ஒரு நாள் அதைக் கையில் எடுக்கப்போகும் ஒருவருக்கு, எனக்கு நேர்ந்தது நேரக்கூடாது.

இந்த வகைக் கதைகளை ஆங்கிலத்தில் ‘கோஸி மிஸ்டரி’ என்கிறார்கள். கொலை நடக்கும், ஆனால் இரத்தம் பக்கங்களில் வழியாது; துப்பறிபவர் போலீஸ்காரராக இருக்கமாட்டார், ரொட்டிக்கடையோ நூலகமோ நடத்தும் ஊர்க்காரராக இருப்பார்; ஊர் சிறியதாக இருக்கும், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருக்கும். நான் படித்த நாவலில், அமெரிக்காவின் வடகிழக்கில் ஏரிக்கரையோரமாக ஒரு கற்பனைச் சிற்றூர் இருக்கிறது. அங்கே கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த பெரியம்மா இறந்துபோக, ஐம்பது வயதை நெருங்கும் கதாநாயகி அந்தக் கடைக்கு உரிமையாளராகி, கோடை முடியும் தறுவாயில் அந்த ஊருக்கு வந்து சேர்கிறாள். அவள் வந்திறங்கும் காலையில்தான், ஊரின் பொதுப்பணக் கணக்கைப் பார்த்துவந்த முதியவர், கடையை ஒட்டிய மணிக்கூண்டின் படிக்கட்டுக்கு அடியில் இறந்து கிடக்கிறார். கால் தவறி விழுந்துவிட்டார் என்று ஊரே முடிவு கட்டுகிறது. அன்று மாலை கடைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் கதாநாயகியிடம், சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தின் பக்கத்திலிருந்து ஒரு குரல், "நேற்று இரவு விழுந்த சத்தத்துக்கு முன்னால் இரண்டு பேருடைய காலடி கேட்டதே" என்கிறது.

அந்தக் குரலுக்கு உரியவர், அந்தக் கடையை முதன்முதலில் தொடங்கி, அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன கடிகாரக்காரர். அவருக்கு உருவம் கிடையாது; நம் கதைகளில் வரும் அசரீரியைப் போலக் குரல் மட்டும்தான். உயிரோடு இருந்தபோதே முதுமையில் கண்பார்வையை இழந்து, காதால் கேட்டே கடிகாரங்களைச் சரிசெய்தவர் என்பதால், இறந்த பிறகும் அவரால் கேட்க முடியுமே தவிரப் பார்க்க முடியாது. தம் கையால் செய்த அந்த ஒரு சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அவர் இருப்பார். அது நின்றால் அவரும் நின்றுவிடுவார். எட்டு நாளைக்கு ஒரு முறை சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம் அது. அதற்குச் சாவி கொடுக்கவோ, ஒரு தூசியைத் தட்டவோகூட அவரால் இயலாது.

இந்த வரம்புகள்தான் நாவலின் உயிர் என்று நான் நினைக்கிறேன். 1929-ஆம் ஆண்டில் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தாமே துப்பறியும் கதைகள் எழுதியவர், அத்தகைய கதைகளுக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். அவற்றுள் இரண்டாவது, அமானுஷ்யமான எதற்கும் கதையில் இடமே இருக்கக்கூடாது என்பது. வாசகரும் துப்பறிபவரும் ஒரே தடயங்களை வைத்துக்கொண்டு ஒரே புதிரை அவிழ்க்கும்போது, ஒரு பேய் வந்து விடையைக் காதில் ஓதிவிட்டால் ஆட்டமே கெட்டுவிடும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பேயை வைத்து எழுதப்பட்ட பல மர்மக் கதைகளை நான் பாதியில் கீழே வைத்ததற்கும் இதுதான் காரணம்: ஆசிரியருக்கு வழி தெரியாத இடத்தில் எல்லாம் பேய்க்கு ஒரு புதிய சக்தி முளைத்துவிடுகிறது. இந்த நாவலிலோ முதல் முப்பது பக்கங்களுக்குள் பேயால் என்னென்ன முடியாது என்பதை ஆசிரியர் சொல்லி முடித்துவிடுகிறார். கடைசிப் பக்கம் வரை அந்தச் சொல்லை மீறவில்லை. பேயும் ஒரு சாட்சி, அவ்வளவுதான். சாட்சிக்குக் காது உண்டு, கண் இல்லை.

நமக்கு இது புதிய ஏற்பாடு அன்று. முருங்கை மரத்திலிருந்து இறக்கித் தோளில் சுமந்து வந்த வேதாளத்துக்கும் கட்டுப்பாடு இருந்தது, சுமந்த விக்கிரமாதித்தனுக்கும் இருந்தது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்து சொன்னால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். அந்த இரண்டு விதிகள் இல்லையென்றால் அந்தக் கதைகளில் ஒன்றைக்கூட நாம் நினைவில் வைத்திருக்கமாட்டோம்.

பாதி நாவலைக் கடந்ததும் ஓர் இடம் வருகிறது. பெரியம்மா இறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கடை அத்தனை நாளும் பூட்டியே கிடந்திருக்கிறது என்பதைக் கதாநாயகி பேச்சோடு பேச்சாகச் சொல்கிறாள். குரல் நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "இல்லையே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து சாவி கொடுத்தாளே, என்மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது, பேசாமல் போகிறாள் என்றல்லவா நினைத்தேன்" என்கிறது. இறந்துபோன ஒருவரிடம் போய், உயிரோடு இருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருக்கும் இன்னொருவரின் சாவைச் சொல்ல வேண்டிய நிலை அது. அதற்குக் கதாநாயகி எந்த ஆறுதலும் சொல்லவில்லை. கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, தன் முந்தானையால் (ஆங்கிலத்தில் வேறு ஏதோ ஆடை, எனக்கு முந்தானை என்றே படிக்கத் தோன்றியது) உள்ளே படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு, இறுகும் வரை சாவி கொடுத்து மூடுகிறாள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது பேருந்து நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது. தக்காளிக் கூடைகள் அடுக்கியிருந்த அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். சிரித்துப் படிக்க வேண்டிய கதை என்றுதான் இதை வாங்கினேன். உண்மையில் பெரும்பாலான பக்கங்களில் சிரிக்கவும் செய்தேன். ஆனால் இலகுவான கதை என்பதற்காக அதில் இறந்தவர்களை இலகுவாக நினைக்கத் தேவையில்லை என்பதை அந்த ஆசிரியர் நன்றாக அறிந்திருக்கிறார்.

வீட்டில் என் மாமியாருக்கு இந்தக் கதையைத் தினமும் சொல்லிவந்தேன். இரவுச் சமையலுக்கு முன் அவரைக்காயை நார் உரித்துக்கொண்டு உட்காரும் அந்த அரை மணி நேரம் அவருக்கு ஏதேனும் கேட்க வேண்டும், தொடர்கள் அலுத்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். பெரியம்மா இறந்த செய்தியைக் குரலிடம் சொல்லும் இடம் வருவதற்கு முன்பே, இரண்டாம் நாள் மாலையிலேயே, கையில் இருந்த காயை முறத்தில் போட்டுவிட்டு அவர் கேட்டார்.

"ஏம்மா, கடைதான் மூணு வாரமா பூட்டிக் கெடந்துதுன்னு சொல்றே. எட்டு நாளைக்குத்தான் ஓடும்னும் சொல்றே. அப்ப அதுக்குச் சாவி குடுத்தது யாரு?"

நான் கணக்கு ஆசிரியை. இருபத்தொரு நாளையும் எட்டு நாளையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. "தெரியலைங்க அத்தை, இன்னும் அந்த எடத்துக்கு வரலை" என்றேன். "அந்த ஆளைப் புடிச்சா மத்தது தானா வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்துக்கொண்டார். அவருடைய பிறந்த வீட்டில் எட்டு நாள் கடிகாரம் ஒன்று இருந்ததாம். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிய பிறகு அவருடைய அப்பா முக்காலியின் மேல் ஏறிச் சாவி கொடுப்பாராம். நாவலின் கதாநாயகி அதே கேள்வியைக் கேட்பதற்கு இன்னும் எழுபது பக்கங்கள் இருந்தன.

இனி முடிச்சுக்கு வருகிறேன். முதியவர் விழுந்த சத்தம் கேட்டபோது மணி ஒன்பது அடித்து ஓய்ந்தது என்று குரல் உறுதியாகச் சொல்கிறது. அன்று இரவு ஒன்பதரை வரை ஊர்ப் பொதுக்கூட்டம் நடந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய அனைவரும் அங்கே இருந்திருக்கிறார்கள், ஒருவனைத் தவிர. பென்சிலால் "இவன்தான்" என்று குறிக்கப்பட்டவன் அந்த ஒருவன்தான். குரலால் பொய் சொல்ல முடியாது என்பது விதி. எனவே ஏறத்தாழ நூறு பக்கங்களுக்கு நான் அந்தப் பென்சில் எழுத்தை நம்பினேன், நம்பியபடியே கோபமும் பட்டேன்.

ஆனால் குரல் சொன்னது பழைய மணி. அமெரிக்காவில் கோடையில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்து, குளிர் தொடங்கும்போது பின்னே இழுத்துக்கொள்கிறார்கள். இப்போது அது மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் முடிகிறது. 1966-ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வருவதற்கு முன், இந்த மாற்றத்தைச் செய்வதா வேண்டாமா என்பதை அந்தந்த ஊர்களே முடிவு செய்துகொண்டிருந்தன. நம் கடிகாரக்காரர் அதற்கு முன்பே இறந்தவர். அவருடைய காலத்தில் அவருடைய ஊர் கடிகாரத்தைத் தொடவில்லை. சூரியனை ஏமாற்றும் வேலை என்று அவர் அதை வெறுத்ததால், பெரியம்மா கடையில் இருந்த மற்றக் கடிகாரங்களை எல்லாம் மாற்றினாலும் அவருடைய ஒரு கடிகாரத்தை மட்டும் அவர் விருப்பப்படியே விட்டிருந்தாள். கோடை நேரத்தில் ஊருக்கு மணி பத்து என்றால் அந்தக் கடிகாரத்துக்கு ஒன்பதுதான். முதியவர் விழுந்தது ஊர்க் கணக்குக்குப் பத்து மணி. கூட்டம் கலைந்து அரை மணி ஆகிவிட்டது. கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் மணிக்கூண்டுக்கு வந்திருக்கலாம்.

ஆசிரியர் இதை மறைக்கவே இல்லை என்பதுதான் என்னை மகிழ்ச்சியில் ஆழ்த்தியது. முதல் அத்தியாயத்தில் கதாநாயகி அந்தக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறது என்று நிதானமாக ரொட்டிக்கடைக்குப் போகிறாள், கடை மூடியிருக்கிறது. சின்ன ஊர், சீக்கிரம் மூடிவிட்டார்கள் போலும் என்று அவளும் நினைக்கிறாள், நாமும் நினைக்கிறோம். அந்த நாட்டில் பிறந்து வளர்ந்த வாசகர் ஒருவருக்கு ஒருவேளை அங்கேயே பொறி தட்டியிருக்கும். ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் வாழும் நமக்குத் தட்டாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, நம் நாட்டிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். அதை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. "இவன்தான்" என்று எழுதிய நம் ஊர் வாசகரும் என்னைப் போலவே அந்த இடத்தில் விழுந்திருக்கிறார். அவர் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்து காட்டிக்கொடுக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தபோதே ஊகித்து, ஊகத்தில் உறுதியாக இருந்து, இரண்டு கோடும் இழுத்திருக்கிறார். அது புரிந்த கணத்தில் மூன்று நாள் கோபமும் எங்கோ போய்விட்டது.

இந்த நாவலில் வரும் பேய் நமக்கு அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம், அது அச்சுறுத்த வந்த பேய் அன்று, ஊரை விட்டுப் போக மனமில்லாத ஊர்க்காரர் என்பதுதான். சிறுவயதில் புளியமரத்துப் பேயையும் கொள்ளிவாய்ப் பிசாசையும் சொல்லி எங்களைப் பயமுறுத்தினார்கள்; ஆனால் அதே பெரியவர்கள்தான், வயல் வரப்பில் நிற்கும் கல்லுக்கு மஞ்சள் பூசி, வேடியப்பன் என்று பெயர் சொல்லிப் பொங்கலிட்டுக் கும்பிடவும் கற்றுக்கொடுத்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் வேடியப்பன் என்று வணங்கப்படும் கற்களில் பல, ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட நடுகற்கள். கால்நடைகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்த யாரோ ஒருவர், இன்றும் அதே ஊரின் ஆடுமாடுகளுக்குக் காவல் நிற்கிறார்.

தருமபுரியில் உள்ள அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் எழுத்துள்ளவை ஏறத்தாழ ஒரு வழக்குக் குறிப்பைப் போலவே இருக்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவைக் கொண்டபோது பட்டான் என்று ஓரிரு வரியில் காலமும் இடமும் காரணமும் சொல்லப்பட்டுவிடும். தொறு என்றால் கால்நடை மந்தை. பட்டான் என்றால் இறந்தான். நான் சொன்ன வகை நாவல்களில் பூனையோ நாயோ ஒன்று கட்டாயம் இருக்கும். அது வாசகரைக் கொஞ்சுவதற்காகச் சேர்த்தது என்று சிலர் குறை சொல்வார்கள். அடுத்த மாவட்டத்தில் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், இறந்த வீரன் கருந்தேவக்கத்தியின் அருகில் கோவிவன் என்ற நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது; அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். துப்பறியும் கதையில் விலங்குக்கு இடம் கேட்பதற்கு இதைவிடப் பழைய ஆதாரம் வேண்டியதில்லை.

தகடூர் என்று பழைய பெயர் கொண்ட இந்தத் தருமபுரியை ஆண்ட அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியதும் இந்த நாவலைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சிறிய கலத்தில் கள்ளை வார்க்கிறார்களே, மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். இறந்தவனுக்கு என்ன பிடிக்கும், எது பிடிக்காது என்று அருகில் இருந்து பழகிய ஒருவர்தான் அப்படிக் கேட்க முடியும். பிறர் எல்லோரும் மணியை மாற்றிக்கொண்டபோது ஒரே ஒரு கடிகாரத்தின் முள்ளை மட்டும் தொடாமல் விட்ட பெரியம்மாவுக்கும் அந்தக் குரலைப் பற்றி அந்த அளவுக்குத் தெரிந்திருந்தது.

ஊரை எழுதியிருக்கும் விதமும் எனக்குப் பிடித்தது. தபால் நிலையத்தில் இருக்கும் அம்மாள், கதாநாயகி வாய் திறப்பதற்குள் அவள் யாருடைய மகள், எந்த வீட்டுக்குப் பேத்தி என்பதை அடுக்கிவிடுகிறாள். நம் ஊர்ப் பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் "நீங்க எந்த ஊருங்க?" என்று தொடங்கி இரண்டு நிறுத்தத்துக்குள் நம் சித்தப்பாவைக் கண்டுபிடித்துவிடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. விரல்ரேகையும் ஆய்வுக்கூடமும் இல்லாமல், யாருக்கு யார் உறவு, யாருக்கு யாரிடம் பழைய கடன் என்ற அறிவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கொலையைத் துலக்க முடியும் என்றால் அது சிற்றூரில் மட்டும்தான் முடியும்.

குறை இல்லாத நாவல் என்று சொல்லமாட்டேன். கொலையாளி தன் வாயாலேயே எல்லாவற்றையும் பதினோரு பக்கத்துக்கு விளக்குவது நீளம். அவ்வளவு அழகாகக் கட்டிய புதிருக்கு அப்படி ஒரு பொழிப்புரை தேவைப்படவில்லை. கதாநாயகிக்கும் ஊரின் இளம் மருத்துவருக்கும் இடையில் அரும்பும் காதலும், இந்த வகைக் கதைகளில் வந்தே தீர வேண்டும் என்பதற்காக வந்ததுபோல் இருந்தது. ஆனால் சாவி கொடுத்தது யார் என்பதற்கான விடை கடைசி இரண்டு பக்கங்களில் வருகிறது. அதைச் சொன்னபோது என் மாமியார் உரித்த காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நெனைச்சேன்" என்று மட்டும் சொன்னார். யார் என்பதை நான் இங்கே எழுதமாட்டேன்.

படித்து முடித்த பிறகு, எனக்கு முன் இதைப் படித்தவர் யாராக இருக்கும் என்று புத்தகத்தை முழுவதும் புரட்டிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தருமபுரியிலிருந்து அரூருக்குப் போன ஒரு பேருந்துச் சீட்டு, எழுத்தெல்லாம் மங்கிப்போய், அடையாளத்துக்காக வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் பென்சில் கோடு இல்லை, மடிப்பு இல்லை, எண்ணெய்க் கறை இல்லை. அவர் அங்கேயே நிறுத்திவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. விடை தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கையில், தாம் பிழையாக ஊகித்தோம் என்பதை அறியாமலே, புத்தகத்தை எடைக்குப் போட்டிருக்க வேண்டும்.

நேற்று மாலை புத்தகத்தை அதே வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் நாற்பத்து மூன்றாம் பக்கத்தை எடுத்து, "இவன்தான்" என்பதை அழிக்காமல், அதன் அடியில் பென்சிலாலேயே, "எந்தக் கடிகாரத்தின் ஒன்பது மணி என்று பார்த்தீர்களா?" என்று எழுதினேன். அரூர்ச் சீட்டையும் இருந்த பக்கத்திலேயே வைத்துவிட்டேன். வண்டிக்காரர் முப்பது ரூபாய் கொடுத்து வாங்கி, கடிகாரமும் பூனையும் தெரியும்படி முன்வரிசையில் நிறுத்தி வைத்தார்.